கடல் ஒத்துக்காத டீச்சர்

"தும்மல் வர்றவனை மிளகாய் மண்டியில வேலைக்கு வைப்பாங்களா கேப்டன்?"

கேட்டுவிட்டு கணேசமூர்த்தி தன் போனை மேஜை மேல் வைத்தார். கேப்டன் அக்பர் பாஷா குனிந்து பார்த்தார்.

வீடியோவில் ஒரு பாய்மரக் கப்பல். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் கடலுக்குள் குனிந்து வாந்தி எடுக்கிறாள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். சுற்றி நின்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அந்தப் பெண் தேவானை. கோடை சீசனில் மட்டும் கப்பலில் வேலை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த பிள்ளைகளை ஐந்து நாள் கடலுக்குக் கூட்டிப்போய், பாய் ஏற்றவும் கயிறு இழுக்கவும் முடிச்சுப் போடவும் சொல்லிக்கொடுப்பாள். அப்படிப்பட்ட டீச்சருக்கு முதல் நாளே வாந்தி. தி.நகரில் ரெடிமேட் கடை வைத்து, இருபது வருஷமாக ஆள் எடுத்து ஆள் அனுப்பிப் பழகிய கணேசமூர்த்தி சும்மா இருப்பாரா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் வேறு அவர்தான்.

"என் பொண்ணு அனுப்ரியாவைப் பாருங்க. முதல் தடவையா கப்பல் ஏறினா. ஒரு ஏப்பம்கூட வரலை. இந்தம்மாவுக்கு இது மூணாவது சீசனாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவானை பட்டினப்பாக்கத்துப் பொண்ணு சார். பொறந்ததுலேர்ந்து கடல்தான்," என்றார் கேப்டன்.

"பின்ன எதுக்கு வாந்தி?"

கணேசமூர்த்தி ஒரு தாளை நீட்டினார். ஒன்பது பெற்றோரின் கையெழுத்து இருந்தது. தேவானையை வேலையை விட்டு அனுப்பாவிட்டால் அடுத்த பேட்ச்சுக்கு எந்தப் பிள்ளையும் வராது என்று எழுதியிருந்தது.

கேப்டனுக்கு தர்மசங்கடம். இந்த சீசனையும் முடித்தால்தான் தேவானை நிரந்தர வேலைக்கு எழுதிப் போட முடியும். பாதியில் அனுப்பினால் மூன்று வருஷ உழைப்பும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்காக ஒரு மணி நேர ட்ரிப் இருக்கிறது, வந்து அவள் வேலையை நேரில் பாருங்கள் என்றார். "அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னீங்கன்னா நானே அனுப்பிடறேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் வந்து இறங்கினார். வீட்டில் வெண்பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஒரு பிடி பிடித்திருந்தார். தேவானை குரல் கொடுக்க, பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினார்கள். கணேசமூர்த்தி பின்பக்கம் நின்று, முடிச்சு சரியில்லை, கயிறு சரியில்லை என்று வர்ணனை செய்துகொண்டே வந்தார்.

ஹார்பரைத் தாண்டியதும் கப்பல் மெல்ல ஆடியது. வர்ணனை நின்றது. உள்ளே பொங்கல் இடம் மாறி உட்கார்ந்தது.

பல்லைக் கடித்துப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சுற்றிலும் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வாந்தி எடுத்தால் சாயங்காலம் அவருடைய குழுவிலேயே அவர் படம்தான் ஓடும். இந்த மானம் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த நேரம் பார்த்து, கப்பலின் முன்பக்கம் அனுப்ரியா கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "ஊவ்வே."

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண். அடுத்தாற்போல் இரண்டு பையன்கள். ஒரே நிமிஷத்தில் பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாகக் கம்பியோரம் நின்று, ஒருவரை மிஞ்சி ஒருவர் ஊவ்வே பாடினார்கள். பெற்றோர் பதறியடித்து தண்ணீர் பாட்டிலோடு முன்பக்கம் ஓடினார்கள். எல்லாப் போனும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டது.

பின்பக்கம் கணேசமூர்த்தி நிம்மதியாகக் குனிந்து பொங்கலை மீன்களுக்குத் தானம் செய்தார். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது தேவானை நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். "மோந்துக்கினே இரு சார். தூரத்துல கோடு மாரி தெரியுது பாரு, அத்தையே பாத்துக்கினு இரு. சரியாப் பூடும்."

சரியாகத்தான் போயிற்று. கரையில் கால் வைத்ததும் கணேசமூர்த்திக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. எல்லார் முன்னாலும் கேப்டனைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? டீச்சர் எப்படியோ பிள்ளைங்களும் அப்படி. மொத்தப் பேருக்கும் வாந்தி. ஏதோ பெரியவங்க நாங்க தாக்குப் பிடிச்சோம். இன்னைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்புங்க."

கேப்டன் தேவானையைப் பார்த்தார். பின்பக்கம் நடந்ததை அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிவிடும். அவளோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கேப்டன் பெருமூச்சு விட்டு, கணேசமூர்த்தி மறுபடி நீட்டிய அந்தக் கையெழுத்துத் தாளை வாங்கிக்கொண்டார்.

அனுப்ரியாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப்போய், எக்கி, அவர் காதுக்குள் மட்டும் சொன்னாள்.

"முதல் நாள் வாந்தி எடுத்தது நான்பா. எல்லாரும் போனைத் தூக்கினதும், தேவானைக்கா சும்மா சத்தம் போட்டு அவங்க பக்கம் திருப்பிக்கிட்டாங்க. இன்னைக்கு உங்க முகம் போன போக்கைப் பார்த்துட்டு, உங்களுக்காக நாங்க பன்னிரண்டு பேரும் சும்மாதான் சத்தம் போட்டோம். நிஜமா எடுத்தது நீங்க ஒருத்தர்தான்."