சன்னல் திறக்கும் நாள்

மூச்சிரைப்புக்காரியான அவள், துறைமுகத்தைப் பார்த்த சன்னலைக் கணவரின் கப்பல் வந்து நிற்கும்போது மட்டுமே திறப்பாள். எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும்படி இன்ஜினை மாற்றிய கப்பல். எரிவாயுவில் ஓடுவதால் மற்றவை போலக் கரியைக் கக்காது என்று நம்பியிருந்தாள்.

தலைமை இன்ஜினியரான அவர், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சன்னலைச் சாத்தினார்.

"உங்க கப்பல்தானே நிக்குது, திறங்க. இன்னைக்காவது நிம்மதியா மூச்சு விட்டுக்கிறேன்."

"போன தடவை திறந்து வச்சு ஆஸ்பத்திரியில படுத்தியே, போதும்மா. எரிவாயு விலை அதிகம். மாத்தின நாள்லேர்ந்து எண்ணெய்தான் எரிக்கிறோம்."

"அப்புறம் எதுக்கு அத்தனை செலவு பண்ணி மாத்தினாங்க?"

"சுத்தமான கப்பல்னு பேர் வாங்கினா வாடகை கூடும்."

"எரிவாயுலதான் ஓடுதுன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கிற அயோக்கியன் யாரு?"

"நான்தான்" என்று அவர் மருந்தை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கையைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.