தள்ளி வந்த சத்தம்

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

மாமனார் மேடையில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அது மாமனாரின் பணி ஓய்வு விழா. கூட வேலை பார்த்த ஒருவர் அன்று கைபேசியில் பிடித்ததை இப்போதுதான் தேடி எடுத்து அனுப்பியிருந்தார். மாமனாரின் பழைய மேலதிகாரி அதைப் பார்க்கச் சாயங்காலம் வீட்டுக்கே வருகிறார். கூடத்து டிவியோ டிஸ்க் பிளேயரைத் தவிர வேறெதையும் மதிக்காத வயதில் இருந்தது. 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று எப்போதோ வாயைக் கொடுத்துவிட்ட பாவத்துக்கு, அதை டிஸ்க்கில் எழுதும் வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானான். தேநீரில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினாலே அரை நாள் பேசுகிற மனிதர் அவர்.

"சத்தம் எதுக்கு? படம் தெரியுதுல்ல, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைவிட மோசமாக அவர் அவனைக் குத்திக்காட்டியதே இல்லை. சத்தத்தை வரவழைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

கோப்புக்குள் சத்தம் இருக்கத்தான் செய்தது. அது இருந்த வடிவம் டிஸ்க் எழுதும் மென்பொருளுக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எழுதியிருந்தது. அவன் சத்தத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தான். மென்பொருளுக்குப் பிடித்த வடிவத்துக்கு மாற்றினான். படத்தோடு சேர்த்து இன்னொரு டிஸ்க் எழுதினான்.

இப்போது சத்தம் வந்தது. ஆனால் போகப் போகப் பின்தங்கியது. மாமனார் தண்ணீர் குடித்துக்கொண்டே பேசினார். வீட்டிலும் அவர் அப்படித்தான் என்பதால், தவறு தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

கைபேசிப் படம் ஒரே சீராக ஓடாது, டிஸ்க் எல்லாவற்றையும் சீராகக் கேட்கும், அந்த இழுபறியில் சத்தம் பின்தங்கும் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்தார். அவர் சொன்னபடி முதலில் படத்தைச் சீராக்கினான். பிறகு சத்தத்தைச் சேர்த்தான். மூன்றாவது டிஸ்க் வந்தது.

சரிபார்க்க நேரே அந்த ஜோக்குக்கு ஓட்டினான்.

குடும்பத்தில் அந்த ஜோக்கைக் கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். இத்தனை வருஷமாகக் கெஞ்சியும் கொடுக்காத லீவை இன்றைக்குக் கேட்காமலே மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் ஜோக். சொல்லி முடித்ததும் அரங்கமே அதிர்ந்ததாம். யார் வீட்டு விசேஷம் என்றாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மாமனார் இதைச் சொல்லாமல் பந்தியைவிட்டு எழுந்ததில்லை.

திரையில் மாமனார் ஜோக்கைச் சொன்னார்.

அரங்கம் அமைதியாக இருந்தது. யாரோ இருமினார்கள்.

அவருக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த மேலதிகாரி மெல்லச் சாய்ந்தார், சாய்ந்துகொண்டே போனார், நாற்காலியோடு தடாலென்று விழுந்தார்.

அரங்கம் அதிர்ந்தது.

மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகமெல்லாம் பல்லாக, போதும் போதும் என்று கூட்டத்தைக் கையால் அடக்கினார்.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு படத்தை நிறுத்தினான். பாவம், மனிதருக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டுதான் ஓய்வுக்காலத்தையே ஓட்டுகிறார். அதைப் போய் அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவருடைய மேலதிகாரி முன்னாலேயே போட்டு உடைப்பதா?

சத்தம் பின்தங்கிய டிஸ்க்கை மறுபடி போட்டுப் பார்த்தான். அதில் மேலதிகாரி விழுந்து, இரண்டு பேர் தூக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஜோக் முடிந்து சிரிப்பு வந்தது. அந்தத் தடால்கூட யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தது போலத்தான் இருந்தது.

வாசலில் மணி அடித்தது.

நல்ல டிஸ்க்கை அலமாரிக்கு அடியில் தள்ளினான். மானம் போனால் போகட்டும் என்று கெட்டுப்போனதைப் பிளேயரில் போட்டான்.

மேலதிகாரி சோபா நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. டிவியில் சத்தம் வந்ததும் மாமனாரின் முகம் கறுத்தது. கண்டுபிடித்துவிட்டார், ராத்திரி தொலைந்தோம் என்று மாப்பிள்ளை நினைத்தான்.

திரையில் மேலதிகாரி விழுந்தார். ஒரு சிரிப்பில்லை, ஒரு சலசலப்பில்லை. மாமனாரின் பேச்சு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஜோக் வந்தது. அரங்கம் அதிர்ந்தது.

மேலதிகாரி மெதுவாகச் சோபாவில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் விழுந்தத ஒருத்தர்கூட கவனிக்கலியா? இத நெனச்சு நெனச்சு அதுக்கப்புறம் நான் ஒரு விழாவுக்கும் போகலியேய்யா!"

"அன்னைக்கே சொன்னேனே சார், அவங்க சிரிச்சது என் ஜோக்குக்குன்னு. பாக்கறவங்ககிட்டல்லாம் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். நீங்கதான் நம்பமாட்டேன்னுட்டீங்க."

மாப்பிள்ளை திரும்பி மாமனாரைப் பார்த்தான். அவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டிஸ்க் பிரமாதமா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார்.

திரையில் அவர் எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டிருந்தார். நன்றி சொல்லும் குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.