இடப்பக்கம், வலப்பக்கம்

சின்னராசாவைக் குளிப்பாட்டிக் கொடுக்கப் பதினெட்டாயிரம் ரூபாய் என்றான் சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைப் பிரதாபன். அரப்பும் எண்ணெயும் அதற்குள் அடக்கமாம்.

மல்லாவிச் சந்தையில் வெங்காயம் விற்ற மனிதர். உயிரோடு இருந்தபோது அந்த விலைக்கு அவரை யாரும் கேட்டதில்லை.

மனைவி சுதர்சினி சம்மதித்துத் தலையாட்டிவிட்டாள். விடியக்காலை தொட்டு எழுப்பப் போனபோது ஏறிய குளிர் இன்னும் அவள் கையை விட்டுப் போகவில்லை. இனித் தொட முடியாது என்று நினைத்தாள்.

அப்போதுதான் நெடுங்கேணியிலிருந்து பஸ் பிடித்து ராஜினி வந்து சேர்ந்தாள். அவருடைய முதல் மனைவி. வாசலில் நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள்.

விலையைக் கேட்டவள் பிரதாபனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஊரான் கை வேண்டாம், பிள்ளை. நாங்களே கழுவுவம். முழுக்கக் கேக்கேல்லை. பாதி தா.”

பொம்பிளைகள் செய்கிற வேலையா என்று யாரோ செருமினார்கள்.

சுதர்சினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், ராஜினி வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

“இடப்பக்கம் எடுங்கோ, அக்கா.”

“இருதயம் இருக்கிற பக்கத்தைத் தாறாய். நட்டப்படப்போறாய்.”

“நிண்டுபோனதுதானே. கொண்டுபோங்கோ.”

கதவைச் சாத்தினார்கள்.

“சவுக்காரத்தைக் கண்டால் ஓடுற மனிசன், இண்டைக்கு நல்லா மாட்டுப்பட்டார்” என்றாள் ராஜினி. சுதர்சினி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு தொட்டும் விட்டாள்.

பயம் போனதும் விடுப்பு அறியும் ஆசை வந்தது.

முழங்காலில் இந்த வெட்டு? கிணற்றுக் கட்டில் விழுந்தது, கலியாணம் முடித்த கிழமை என்றாள் ராஜினி. கையில் இந்தச் சுட்ட வடு? லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் புகைக்குழாய், போன மாரி என்றாள் சுதர்சினி.

பழைய தழும்பெல்லாம் ராஜினிக்குத் தெரிந்திருந்தது. புதியவை சுதர்சினிக்கு. பேரம் பிசகில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இருவருமாகப் பிடித்து அவரைப் புரட்டினார்கள். முதுகைப் பங்கு போட மறந்திருந்தார்கள்.

தோளிலிருந்து இடுப்புவரை, சீப்பால் இழுத்ததுபோல வரிவரியாகத் தழும்புகள்.

“இது எப்ப?” என்றாள் ராஜினி.

“நான் கலியாணம் முடிக்கேக்கையே இருந்தது. உங்கட காலத்துக் காயமாக்கும் எண்டு நான் கேக்கேல்லை.”

“என்னட்டை இருக்கேக்கை முதுகிலை ஒரு கீறலும் இல்லை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

யுத்தம் முடிந்த அன்று ராஜினியிடமிருந்து ஆமிக்காரரால் பிரித்து பஸ்ஸில் ஏற்றப்பட்டவர், அவளிடம் திரும்பாமல் மல்லாவிக்கு வந்து சேர்ந்தது இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடமும் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

வெளியே பிரதாபன் கதவைத் தட்டினான்.

ராஜினி புதிதாக அரப்புக் கரைத்தாள்.

“இதை ரெண்டு பேருமாக் கழுவுவம், பிள்ளை.”