அடித்தல் இல்லாத அட்டை

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு அரிசிக் கிடங்கின் பின்கட்டில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே ஞாயிற்றுக்கிழமை வெயில் வட்டம் வட்டமாக விழுந்து கிடக்கிறது. கிடங்குக் கணக்கெழுதும் கிராணி மருதப்பன் கையில் பென்சிலும், பறவை ஆர்வலர் சங்கம் அனுப்பிய 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அட்டைகளில் ஒன்றும் இருக்கின்றன. வாராவாரம் இதே நேரத்தில் சிட்டுக்குருவிகளை எண்ணி எழுதித் தபாலில் போடுகிறான். கிடங்கில் சிந்திய நொய்யைக் கூட்டுகிற பூவம்மா இங்கேதான் கொட்டுவாள். குருவிகள் மொய்க்கும், தத்தித் தாவி அவன் கணக்கைக் குலைக்கும். அடித்து எழுதாமல் ஓர் அட்டையும் போனதில்லை.

இன்று கீச்சொலியே இல்லை. நேற்று மாலை எலிக்காக நொய்யில் மருந்து பிசைந்து மூட்டைச் சந்துகளில் வைத்தவன் அவன்தான். பூவம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டான். சிமெண்டுத் தரையெங்கும் குருவிகள் சிறகு விரிந்து கிடக்கின்றன. ஒன்றின் அலகில் இன்னும் நொய் ஒட்டியிருக்கிறது.

"எப்பவும் போலத்தான் கூட்டிக் கொட்டினேன், கிராணி," என்கிறாள் பூவம்மா.

அவன் பென்சில் முனையை ஒவ்வொன்றின் மேலும் நீட்டி எண்ணுகிறான். முப்பத்தேழு. மறுபடி எண்ணுகிறான். முப்பத்தேழேதான். எத்தனை குருவிகள் என்று கேட்கும் அட்டை, உயிரோடா என்று கேட்கவில்லை. முதல் தடவையாக அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறான்.

துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு பூவம்மா காத்திருக்கிறாள்.

"எண்ணி முடிச்சிட்டீங்களா? கூட்டிடவா?"