நூறாவது குருவி

புவனா டீச்சரைப் பறவை பார்க்கும் குழுவிலிருந்து நீக்கியது மெர்வின்தான். தயவு தாட்சண்யமே பார்க்கவில்லை.

போன வருஷம் இதே கிணத்துக்கடவுக் குளக்கரையில், கூட்டி வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று, போனில் ஒரு குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைத்தார் டீச்சர். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மெர்வின் அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது இரையை விட்டு அலையும், இது பறவைக்குச் செய்கிற துரோகம் என்று அரை மணி நேரம் பேசினார். பீளமேட்டில் கல்லூரி வாத்தியார். அரை மணிக்குக் குறைந்து பேச வராது. வேன் ஊர் திரும்புவதற்குள் வாட்ஸப் குழுவில் டீச்சரின் பெயர் இல்லை.

இந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பயணம் இன்று. பட்டியலில் தொண்ணூற்றொன்பது பறவைகள் நிற்கின்றன. பொள்ளாச்சிக் குழு போன வாரமே நூறைத் தொட்டு, கேக் வெட்டி, படமும் போட்டுவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மெர்வினுக்குச் சோறு இறங்கவில்லை.

வேன் கிளம்பவே ஆறரை. குளத்தை அரைச்சுற்று சுற்றியும் புதிதாக ஒன்றும் சிக்கவில்லை. தோப்புக்காரர் அப்புசாமி எதிரே வந்தார். பட்டியலில் இன்னும் ஏறாத ஆறுமணிக்குருவி இந்தப் பக்கம் உண்டா என்று மெர்வின் விசாரித்தார்.

"இருக்குதுங்க. காத்தால ஆறு மணிக்கும் பொழுதோட ஆறு மணிக்கும் கத்துமுங்க. இப்ப எட்டு தாண்டிப்போச்சுங்களே. இனி அது வாயத் தொறக்காதுங்க."

ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று மெர்வின் நினைத்துக்கொண்டார்.

குழுவைத் தென்னை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஒரு புதருக்குப் பின்னால் போனார். காலை நேரத்தில் புதருக்குப் பின்னால் போகிற மனிதரை யாரும் காரணம் கேட்பதில்லை. அங்கே நின்று போனை எடுத்தார். ஒரே ஒரு தடவைதான், அதுவும் குழுவுக்காகத்தான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, ஆறுமணிக்குருவியின் குரலைப் போட்டார்.

தண்ணீர் மேல் அந்தச் சீழ்க்கை போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கரைப் புதரிலிருந்து பதில் சீழ்க்கை வந்தது.

பட்டியல் எழுதும் ஷைலா மூச்சிரைக்க ஓடி வந்தாள். ரெண்டு குருவிங்க சார், ஒண்ணு இங்கே, ஒண்ணு அங்கே என்றாள். மெர்வின் போனைப் பைக்குள் தள்ளினார். இக்கரையில் கேட்டது வெறும் எதிரொலி, அக்கரையில் கத்தியதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கணக்கில் அவ்வளவு கறார்.

நூறு ஆகிவிட்டது. கேக்குக்கு யார் போன் பண்ணுவது என்று பேசிக்கொண்டே எல்லாரும் பொள்ளாச்சி ரோட்டு டீக்கடைக்கு வந்தார்கள்.

அங்கே ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. பெஞ்சில் புவனா டீச்சரும் பிள்ளைகளும் பன் தின்றுகொண்டிருந்தார்கள். மெர்வினைப் பார்த்ததும் டீச்சர் எழுந்து வணக்கம் வைத்தார்.

"நீங்களும் குளத்துக்குத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க சார். அக்கரையில நின்னுட்டிருந்தோம். இப்பத்தான் வந்தோமுங்க."

மெர்வினுக்குச் சுருக்கென்றது. அக்கரைக் குருவி எது என்று விளங்கிவிட்டது. ஒரு போனை வைத்துக்கொண்டு இப்படியும் மனிதரை ஏமாற்றலாமா என்று கோபம் தலைக்கேறியது. தன் பையிலும் ஒரு போன் இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே இல்லை.

"ஷைலா, நூறாவதை அடிச்சிருங்க. அது குருவி இல்ல, டீச்சரோட போன். பொய்யா நூறு எடுக்கறதைவிட உண்மையா தொண்ணூத்தொம்பதோட நிக்கலாம்."

குழு நெகிழ்ந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். ஷைலா பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. பிள்ளைகள் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்கிட்டப் போனே இல்லீங்க சார். அன்னைக்கு நீங்க சொன்னதுக்கப்புறம், குளத்துக்கு வந்தா போனை வேன்லயே வெச்சுப்போட்டுத்தான் இறங்குவேனுங்க. இன்னைக்கு உங்க கரையில இருந்து ஆறுமணிக்குருவி தானாவே கத்துச்சு. சார் சொன்னது எவ்வளவு சரின்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். அந்தச் சந்தோசத்துல என்னையறியாம வாயாலயே ஒரு விசில் அடிச்சுப்போட்டேன். அதுவும் தப்புங்களா சார்?"

ஷைலாவுக்குத்தான் முதலில் மூளை வேலை செய்தது.

"அப்படின்னா நம்ம பக்கம் கத்துனது எதிரொலி இல்லீங்க சார். அதுதான் நிஜக் குருவி. அடிச்சதைத் திரும்ப எழுதிடறேன். சாட்சிக்கு டீச்சர் பேரையே போட்டுக்கட்டுங்களா?"

எல்லாரும் மெர்வினைப் பார்த்தார்கள். அவர் கை தானாகச் சட்டைப்பையை மூடியது. வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை மணி நேரம் பேசுகிறவருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"போட்டுக்குங்க," என்றார். "டீச்சரையும் குழுவுல சேர்த்துடுங்க."

புவனா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றிங்க சார். இனிமே வாயாலகூட விசில் அடிக்க மாட்டேனுங்க."