ஊர் மாறிய ஆந்தைகள்

டீவியில் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒரு தொப்பியைத் தலையில் வைத்ததும், எங்கள் வீட்டு ஹாலில் மூன்று ஆம்பிளைகள் ஒரே குரலில் "யா அல்லாஹ்" என்றார்கள்.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். என் கணவர் ஸக்கரியா, அவருடைய கூட்டாளிகள் புஹாரி, றஹீம். மூவரும் முன்பு குவைத்தில், அமெரிக்கப் பட்டாளத்து முகாமில் குசினியில் சமையல் வேலை செய்தவர்கள். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அங்கே பிடித்த அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம் மட்டும் விடவில்லை. பேர்தான் ஃபுட்போல். பந்தைக் காலால் தொடுகிறவனைக் காணக் கிடைக்காது.

அதில் இவர்களுடைய டீம் ஆந்தைகள். உலகத்தில் வேறு பறவையே அகப்படவில்லை போல.

ஒரு வருசமாக இதே பேச்சு. டீமின் சொந்தக்காரருக்குப் புது ஸ்டேடியம் வேண்டுமாம். ஊர்க்காரர்கள் கட்டித்தர மாட்டார்களாம். அப்படியென்றால் டீமைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவாராம்.

இன்றைக்குத்தான் தீர்ப்பு. பௌர்ணமி, போயா லீவு என்பதால் நானும் வீட்டில் இருந்தேன், கையில் பிளேன்டீ தட்டு.

சொந்தக்காரர் தலையில் வைத்த தொப்பியில் புது ஊரின் பெயர் இருந்தது. ஆந்தைகள் போய்விட்டன.

எனக்கு அது இரண்டு மாதமாகத் தெரியும்.

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் ஒரு கார்மென்ட்ஸில் எம்ப்ரோய்டரி பகுதியில் வேலை செய்கிறேன். அந்தத் தொப்பியில் ஆந்தையைத் தைக்கும் வேலை எங்களுக்குத்தான் வந்தது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்தும் வாங்கினார்கள்.

இவரோ தினமும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "போகாது றிஸ்மியா, போக விடமாட்டாங்க" என்பார். நான் மீன் ஆணத்தை அள்ளி ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பேன்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதுசு இல்லை. நான் கார்மென்ட்ஸுக்குப் போவதை இவர் கூட்டாளிகளிடம் சொன்னதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை எனக்கு மாத்தளையில் ஏதோ ஒபிஸில் வேலை. கார்மென்ட்ஸ் பொம்பிளை என்றால் நம் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்று இவருக்குப் பயம். ஆறு வருசமாகக் கார்மென்ட்ஸ் பேர் போட்ட கழுத்து அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். என்ன வேலை, எப்படி வேலை என்று இவர் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. எனக்கு அது வலிக்கும்.

றஹீம் தலையில் கையை வைத்துக்கொண்டார். இனி டீமோடு நாமும் புது ஊருக்குப் போவதா, பழைய ஊரோடு நிற்பதா என்று பெரிய விசாரணை. இரண்டு ஊரையும் இவர்கள் கண்ணால் கண்டதில்லை. புஹாரி தேறுதல் சொன்னார்: லீக்கில் இன்னும் இரண்டு டீம் சேர்க்கப் போகிறார்களாம், பழைய ஊருக்கு ஒன்று கிடைத்தாலும் கிடைக்குமாம்.

என் மனுசனுக்குக் கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது.

அதோடு முடிந்திருக்கும், புஹாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

டீவிக்குக் கிட்டப் போய்த் தொப்பியை உற்றுப் பார்த்தார். ஆந்தையின் புருவம் கோணலாம். சைனாவில் அவசரத்தில் அடித்த சாமானாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த படத்தில் அந்த ஆந்தை காலை பஸ்ஸில் வருகிற ஆளைப்போலத் தூங்கி வழிந்தது. புருவத்தைச் சரித்துத் தைத்தால் முறைக்கும் என்று சொன்னவள் நான். தைத்துக் காட்டியவளும் நான். அங்கே பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றார்கள்.

தட்டை மேசையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

"சைனா இல்ல, பலாபத்வல. அந்தப் புருவம் நான் தச்சது."

டீவியில் மட்டும் கை தட்டினார்கள்.

புஹாரி என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். மதினி ஒபிஸில்தானே என்று இழுத்தார்.

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இனி ஒரு வாரத்துக்கு இந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது என்று நினைத்துக்கொண்டு கோப்பைகளைப் பார்த்தேன்.

"ஒபிஸ்னு யாரு சொன்ன?" என்றார் என் கணவர்.

அட, சொன்னவரே இவர்தான்!

எழும்பி நின்றுகொண்டு ஆரம்பித்தார். எந்த டிசைன் வந்தாலும் முதல் சாம்பிள் என் கைக்குத்தான் வருமாம். போன வருசம் மெஷின் நின்றபோது மெக்கானிக் வருவதற்குள் நானே ஓட வைத்தேனாம். மேனேஜர் நோனா, அந்த அம்மாகூட என்னைக் கேட்காமல் நூல் நிறத்தை முடிவு செய்ய மாட்டாவாம். சொல்லச் சொல்ல இவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.

எல்லாம் உண்மை. ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் இவரிடம் சொன்னதில்லை.

எங்கள் கார்மென்ட்ஸ் பிள்ளைகள் சிலர் இவர் இப்போது ஓட்டுகிற த்ரீவீல் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போவார்கள். என்னிடம் கேட்காததையெல்லாம் அவர்களிடம் கேட்டிருக்கிறார், கள்ள மனுசன்.

புஹாரிக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. அப்படியென்றால் லீக்கில் சேர்க்கப் போகிற அந்த இரண்டு புது டீமும் எந்தெந்த ஊருக்கு என்றும் மதினிக்குத் தெரிந்திருக்குமே என்று என் பக்கம் திரும்பினார்.

இவர் விடவில்லை. "அது அவட தொழில் ரகசியம். கேக்கப்படாது. டீயக் குடி."

என் தொழில் என்று, கூட்டாளிகள் முன்னால், வாய்விட்டுச் சொன்னார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவு சந்தோசம்.

புஹாரி கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். போன புதன்கிழமைதான் அந்தப் புது டீம்களின் படமும் எங்கள் கைக்கு வந்தது. பழைய ஊருக்குக் கிடைத்ததா இல்லையா என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இவர் கேட்கவில்லை.