பேர் மட்டும் ‘கடைசி’

ஒரு சர்வருக்குள் அது எப்படி ஓடவேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்புகள் இரண்டு இருந்தன: ‘பழசு’, ‘கடைசி’. யாரோ ஒருவர் அவசரத்துக்குப் பழசைக் கைகாட்டிவிட்டுப் போனதால், ஆறு வருஷமாக அதைப் படித்துத்தான் சர்வர் ஓடியது.

புது நிர்வாகி தேன்மொழி கோப்புகளை ஒழுங்குபடுத்த வந்தாள்.

“பேரைப் பாத்தே என்னைத் தூக்கிடுவாங்க. சர்வர் என்னைத்தான் படிக்குதுன்னு நீயாவது சொல்லேன்!” என்று கெஞ்சியது பழசு.

கடைசிக்கோ, தேன்மொழி தன்னைத் திறந்து பார்த்துவிடுவாளோ என்று பயம்.

தேன்மொழி பேரைத்தான் பார்த்தாள். பழசை அழித்தாள். சர்வரைக் கடைசியிடம் திருப்பிவிட்டாள்.

“அண்ணே, முதல்ல எந்தக் கதவைத் திறக்கணும்?” என்று கேட்டது சர்வர். “வெளியே ஆயிரம் பேர் நிக்கறாங்க.”

கடைசிக்குள் இருந்தது ஒரே வரி: ‘நாளைக்கு எழுதிக்கலாம்.’